பானெட்டுக்குள் ஒரு காப்பிக்கலர் கட்டை

சார்ஜா
14.1.2024

ஏலே குற்றாலலிங்கம்,

கால் எப்படியிருக்கிறது? தகரத்தைக் காலில் போட்டுக்கொண்டு மூன்று மாதமாகக் கட்டிலில் கிடக்கிறவனுக்குப் பொங்கல் வாழ்த்துச் சொல்வதா, திட்டுவதா என்று தெரியவில்லை. இருபது வருஷமாக பஸ் பாடி கட்டுகிறாய், தகரம் எந்தப் பக்கம் சரியும் என்று தெரியாமலா நின்றாய்? ஐ.டி.ஐ.யில் நம் இரண்டு பேருக்கும் ஒரே வாத்தியார்தானே. அதனால்தான் நான் தகரத்தை விட்டுவிட்டு இங்கே பொம்மைக் கடைக்கு ஓடி வந்தேன்.

என் மகள் ஜாய்சிக்குச் சின்ன வயதில் வாங்கியதில் மிஞ்சிய பிளாக்ஸ் பையை, அதுதான் ஒன்றோடொன்று மாட்டிக் கட்டுகிற பிளாஸ்டிக் கட்டைகளை, உனக்குப் பொழுது போகட்டும் என்றுதான் கொடுத்தனுப்பினேன். நீ அதில் குத்துவிளக்கு கட்டியிருப்பதாக மதினி போனில் சொல்லிச் சிரித்தாள். இப்போது, நீயே வாங்க வேண்டும், எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்கிறாய். போனில் நீளமாக எழுதினால் நீ படிக்கிறவன் இல்லை. அதனால் தாளில் எழுதி, ஊருக்கு வரும் மேலப்பாளையம் காஜா பாய் கையில் தருகிறேன்.

இந்தக் கட்டைகளில் அசல் என்று உலகத்துக்கே தெரிந்த கம்பெனி ஒன்று உண்டு. அதன் விலை நமக்குக் கட்டாது. சீனாவில் அதே அளவில், அதே குமிழ் வைத்து நூறு கம்பெனிக்காரன் செய்கிறான். எல்லாம் ஒன்றோடொன்று சேரும். ஆனால் நூறில் இருபதுதான் உருப்படி.

பெட்டியைப் பார்த்து மயங்காதே. வெளியே மலையும் அருவியும் போட்டிருப்பான், உள்ளே பாதி காற்றுதான். கையில் தூக்கி எடை பார். பெட்டியில்லாமல் வெறும் பையாக வருவது இன்னும் மலிவு, சாமான் அதேதான். பையைத் திறந்ததும் மோந்து பார். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடு. பிறகு ஐந்து கட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே உள்ளதை மட்டும் பிடித்துத் தூக்கு. ஐந்தும் சேர்ந்து வந்தால் பிடி இருக்கிறது என்று அர்த்தம். உதிர்ந்தால் குப்பை. பிடி ரொம்பவும் இறுக்கமாக இருந்தாலும் ஆகாது. பல்லால் கடித்துப் பிரிக்கப் போய்ப் பல்லை விட்டவன் எங்கள் கடையிலேயே ஒருவன் இருக்கிறான்.

எடுத்த எடுப்பில் ஆயிரம் துண்டுக் கப்பலுக்குப் பறக்காதே. முந்நூறு போதும். பைகளில் எண் இருக்கும். ஒன்றாம் பை முடியாமல் இரண்டாவதைப் பிரித்தால் தொலைந்தாய். சோற்றுத் தட்டுகளில் கலர் கலராகப் பிரித்து வை. துண்டு குறைந்தால் எனக்குச் சொல். சாம்பல் கலர் பைக்குப் பை கொஞ்சம் மாறும், அதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. நெல்லையிலேயே வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்.

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியம். எவனோ ஒருத்தன் வீட்டில் உட்கார்ந்து மண்டையை உடைத்து ஒரு வீடோ வண்டியோ கட்டியிருப்பான். சில கம்பெனிகள் அதை அப்படியே சுட்டு, அவன் பெயரைக்கூடப் போடாமல் பெட்டியில் அடைத்து விற்றுவிடும். அந்தப் பெட்டியை மட்டும் தொடாதே. அடுத்தவன் மூளையைத் திருடினது நம் வீட்டுக்குள் வரக்கூடாது லே.

பவுல்ராஜ்


தச்சநல்லூர்
3.5.2024

பவுலு,

உன் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டாததுதான் பாக்கி. வண்ணார்பேட்டைக் கடையில் போய் நீ சொன்னபடி பையை மோந்து பார்த்தேன். கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, பொம்மைய மோந்து பாக்கிய? மீனா வாங்குதிய?" என்றார். "எனக்குச் சொல்லித் தந்தவன் உவரிக்காரன், அவன் எல்லாத்தையும் மோந்துதான் வாங்குவான்" என்று உன் தலையில் போட்டுவிட்டு வந்தேன்.

கால் சரியாகிவிட்டது. பட்டறைக்குப் போகிறேன். ஆனால் சமாசாரம் அதுவல்ல. பிறகு நீ அனுப்பிய கோட்டை, விமானம், நான் வாங்கிய லாரி எல்லாவற்றையும் பிரித்து ஒரே அண்டாவில் கொட்டினேன். உன் மதினி சுடலைவடிவு, "பொங்கல் வைக்கப் போறியளா?" என்றாள். மூன்று மாதம் ஆயிற்று வே. பாபநாசம் பஸ் கட்டி முடித்திருக்கிறேன்.

முன்படி, பின்படி, ஏணி, கடைசி நீள சீட்டு, டிரைவர் தலைக்கு மேலே சாமி படம் வைக்கிற பலகை எல்லாம் இருக்கிறது. கூரையைக் கழற்றலாம். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறேன்; அதில் உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். மொத்தம் 1,146 கட்டை. மூன்று தடவை எண்ணினேன்.

ஒன்றே ஒன்று உனக்கு மட்டும் சொல்கிறேன். வண்டி கட்டுகிறவன் பெயர் வண்டியில் எங்கேயும் வராது. முதலாளி பெயர் கண்ணாடியில் வரும், சாமி பெயர் நெற்றியில் வரும். அதனால் எங்கள் பட்டறையில் தகரம் அடிக்கிறவன், எஞ்சினை மூடுகிற பானெட்டுக்கு உட்புறம் ஆணியால் தன் எழுத்தைக் கீறி வைப்பான். யாரும் பார்க்க மாட்டார்கள், ஆனால் இருக்கும். இந்தப் பொம்மையில் ஆணியால் கீறுவது எப்படி? பானெட்டுக்கு உள்ளே எல்லாம் கறுப்புக் கட்டை. நடுவில் ஒன்று மட்டும் காப்பிக்கலர் வைத்திருக்கிறேன். அதுதான் என் எழுத்து. மூடிவிட்டால் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

எங்கள் பட்டறை முதலாளி தில்லைநாயகம் அண்ணாச்சிக்கு இதையே பிரித்து, சரியான கலரில் திருப்பிக் கட்டிக் கொடுக்க வேண்டும். சிவப்புதான் பற்றவில்லை. எது எத்தனை வேண்டும் என்று நீ பார்த்துச் சொல்வதற்காக, படிப்படியாக வரைந்த நாற்பத்திரண்டு தாளையும் அனுப்பியிருக்கிறேன். பழைய வேலைச்சீட்டுகளின் முதுகில் வரைந்தவை. நகல் எடுக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரன் கண்ணில் பட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பு.

லிங்கம்


சார்ஜா
20.9.2024

லிங்கம்,

சிவப்புக் கட்டை இருநூறு அனுப்பியிருக்கிறேன். கேட்டதற்கு மேலேயே இருக்கும். கூடவே உனக்கு ஒரு சட்டை, மதினிக்கு ஒரு கைப்பை, ஒரு டப்பா பேரீச்சம்பழம்.

என்னைக் கொள்முதல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். போன மாதம் சீனாவுக்கே கூட்டிப்போய்க் காட்டினார்கள். அதனால்தான் பதில் எழுதத் தாமதம். படத்தாள்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பிறகு அனுப்புகிறேன். வேறு விசேஷமில்லை. இந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வர முடியாது என்று நினைக்கிறேன்.

பவுல்ராஜ்


தச்சநல்லூர்
11.2.2025

பவுல்ராஜ்,

உன் நம்பரைப் போனில் பிளாக் பண்ணிவிட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுது. தாளில் பொய் சொன்னால் அது அங்கேயே கிடக்கும்.

நடந்ததைக் கேள். தீபாவளிக்கு அண்ணாச்சியிடம் பஸ்ஸைக் கொடுத்தேன். மனிதர் குழந்தை மாதிரி கூரையைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். ஆபீஸ் வாசலில் கண்ணாடிப் பெட்டி செய்து உள்ளே வைத்து, "வடிவமைப்பு: குற்றாலலிங்கம்" என்று பலகையும் போட்டார். "இத்தன அறிவ வச்சிக்கிட்டு ஏம்வே தகரம் அடிக்கீரு? தையிலேருந்து புது வண்டிக்குச் சீட்டு அமைப்ப நீரே வரையும்" என்று மேசை போட்டுக் கொடுத்தார். இருபது வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்த்தவன் பவுலு நான். நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தேன். பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள், பாடி கட்டக் கொடுக்க நாங்குநேரியிலிருந்து ஜோஷுவா என்று ஒரு பஸ் முதலாளி வந்தார். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அட, இது எங்க வீட்லயும் இருக்கே. தம்பி சார்ஜாவுலேருந்து எம்மவளுக்கு அனுப்பினான். ஆயிரத்து நூத்து நாப்பத்தாறு பீஸு" என்றார். போனில் படமும் காட்டினார். நெற்றியில் பாபநாசம் என்ற எழுத்துகூட அப்படியே இருந்தது.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "கடையில வாங்கினதுன்னு சொன்னாலும் நான் வாங்கிக்கிட்டிருப்பேனே லிங்கம்" என்றார், அவ்வளவுதான். மறுநாள் பலகையைக் காணவில்லை. மேசையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். நான் போய்ச் சுத்தியலை எடுத்தேன். கூட வேலை பார்க்கிறவர்கள், "சீனாக்காரரு வந்துட்டாரு" என்கிறார்கள்.

நான் போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். "வாங்கினதப் பிரிச்சுப் படம் எடுத்தாலும் இப்படித்தான இருக்கும்" என்றார் அண்ணாச்சி. தேதி போட்ட வேலைச்சீட்டில் வரைந்த தாள்கள் உன்னிடம் இருக்கின்றன. அதை அனுப்பு. அண்ணாச்சிக்கு ஒரு கடிதமும் எழுது. நீ செய்யவில்லை என்றால் இல்லை என்று சொல், நம்பத் தயாராக இருக்கிறேன். இன்னும் தயாராக இருக்கிறேன்.

லிங்கம்


சார்ஜா
2.3.2025

அன்புள்ள லிங்கம்,

உன் கடிதம் கண்டு மிகவும் வருத்தம். நீ தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். பஸ் என்றால் எல்லாப் பஸ்ஸும் ஒரே மாதிரிதானே இருக்கும்? கேரளாக்காரனும் தமிழனும் நிறைந்த ஊர் இது. சீனாவில் எவனோ நம் ஊர் பஸ் போட்டோவைப் பார்த்துச் செய்திருப்பான். எண்ணிக்கை ஒத்துப்போவது தற்செயல்.

தாள்கள் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தன, ரூம் மாறும்போது எங்கேயோ வைத்துவிட்டேன், தேடுகிறேன். உன் முதலாளிக்கு நான் எழுதுவது சரிப்படாது. எங்கள் கடைச் சரக்கைப் பற்றி நானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும், விசாவும் போய்விடும். ஜாய்சி நர்சிங் முதல் வருஷம். யோசித்துப் பார்.

என்ன இருந்தாலும் பொம்மைதானே லே. இதற்காக முப்பது வருஷச் சிநேகிதத்தை முறித்துக்கொள்வதா?

பவுல்ராஜ்


தச்சநல்லூர்
30.3.2025

பவுல்ராஜ்,

நீ தற்செயல் என்று எழுதியதை நான் இரண்டு நாள் நம்பினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சுடலைவடிவிடம்கூட, "பவுலு அப்படிப்பட்டவன் இல்லட்டி" என்றேன்.

மூன்றாம் நாள் நாங்குநேரிக்கு பஸ் ஏறினேன். ஜோஷுவா நல்ல மனிதர். மகளிடம் கெஞ்சி அந்தப் பஸ்ஸை வாங்கிக்கொண்டு என்னோடு பட்டறைக்கு வந்தார். அண்ணாச்சி மேசை மேல் அதை வைத்தோம். வேலை பார்க்கிறவன் எல்லாம் கூடிவிட்டான். நான் தொடவில்லை. "அண்ணாச்சி, பானெட்டத் தெறங்க. உள்ள எல்லாம் கறுப்பா இருக்கும். நடுவுல ஒண்ணு காப்பிக்கலர்ல இருந்தா அது என் வண்டி. இல்லன்னா நான் பொய்யன்" என்றேன்.

அவர் மெதுவாக நகத்தால் நெம்பித் திறந்தார். அந்த நேரத்தில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? உள்ளே அது இருக்கக் கூடாது என்று வேண்டினேன். நான் பொய்யனாகப் போனாலும் பரவாயில்லை, நீ திருடனாக இருக்கக் கூடாது என்று வேண்டினேன். இருந்தது. நடுவில், நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

சுற்றி நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி மட்டும் பானெட்டைத் திருப்பி மூடிவிட்டு, "இந்தப் பெட்டிய வாங்கிக் கட்டினவனுக்கும் இது தெரிஞ்சிருக்கும்லா லிங்கம்?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. என் எழுத்தே எனக்குச் சாட்சி சொல்லாமல் போய்விட்டது. நீ விற்ற பெட்டி ஒவ்வொன்றிலும் அது இருக்கும்போது, அது என்னுடையது என்று எப்படி நிரூபிப்பேன்?

கூட இருந்தே குழி பறித்துவிட்டாய். ஜெராக்ஸ் கடைக்காரனை நம்பாமல் உன்னை நம்பினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அடுத்தவன் மூளையைத் திருடினது வீட்டுக்குள் வரக்கூடாது என்று எழுதினாயே, அந்தக் கடிதம் இங்கேதான் இருக்கிறது. தினமும் படிக்கிறேன். பொம்மைதானே என்கிறாய். உனக்குப் பொம்மை, எனக்கு அந்த மேசை. நாற்பத்தைந்து வயதில் கிடைத்த மேசை.

இனி உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. தாளை அனுப்பு. இல்லாவிட்டால் எழுதாதே.

குற்றாலலிங்கம்


சார்ஜா
25.5.2025

லிங்கம்,

இதோடு நாற்பத்திரண்டு தாளும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துவிட்டேன். அவை தொலையவே இல்லை. உன் முதலாளிக்குத் தனிக் கவரில் கடிதமும் இருக்கிறது. நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காஜா பாயை வீடுவரை வந்து உன் கையிலேயே கொடுக்கச் சொன்னேன்.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். கொள்முதல் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். இந்தியர்கள் வாங்குகிற மாதிரி புதுசாக ஒன்று கொண்டுவருகிறவனுக்கு இடம் என்றார் எங்கள் கடைப் பெரியவர். பதினாறு வருஷமாகப் பெட்டி தூக்கியவன் நான். உன் தாள்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. கொண்டுபோய் வைத்தேன். "யார் வரைந்தது?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நான்தான்" என்று வந்துவிட்டது. சொன்ன பிறகு திருப்பிச் சொல்ல வழியிருந்தது, நான் சொல்லவில்லை. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்ததை வருஷம் தவறாமல் கோயிலில் கேட்டு வளர்ந்தவன்தான் நான். அவருக்குச் சேவலாவது கூவி நினைவூட்டியது.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லாமல் விட்டாலும் உனக்குத் தெரியப்போவதில்லை. சீனாவில் அந்தக் கம்பெனியில் வரைகிற பெண் உன் தாளைப் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்று மட்டும் பழுப்பாக இருக்கிறதே, தவறா? கறுப்பாக மாற்றிவிடவா?" என்று மொழிபெயர்க்க ஆள் வைத்துக் கேட்டாள். நான்தான், "வேண்டாம், அது இருக்கட்டும்" என்றேன். உன் பெயரை அழிக்க எனக்குக் கை வரவில்லை லே. அந்த மட்டுக்காவது நான் உனக்கு உண்மையாக இருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே பெரியவரிடமும் சொல்லிவிட்டேன். மறுபடி கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். ஜாய்சி படிப்பு முடிகிறவரை சம்பளம் மட்டும் வந்தால் போதும். டிசம்பரில் வருகிறேன். ஜங்ஷனில் உன்னைப் பார்க்கலாமா?

பவுல்


தச்சநல்லூர்
20.7.2025

பவுலு,

தாள்கள் வந்து சேர்ந்தன. அண்ணாச்சி உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். தாள்களைத் திருப்பி வேலைச்சீட்டில் தேதியைப் பார்த்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிரும்வே" என்றார். பலகை திரும்ப வந்துவிட்டது. மேசையும் வந்துவிட்டது. "சீனாக்காரரு" மட்டும் போகவில்லை, அது ஒட்டிக்கொண்டது. கிடக்கட்டும்.

நீ செய்தது பெரிய காரியம்தான். வேலையைப் பணயம் வைத்திருக்கிறாய், எனக்குத் தெரிகிறது. ஜாய்சியை நன்றாகப் படிக்கச் சொல்.

ஆனால் அந்தச் சீனப் பெண்ணிடம் நீ சொன்னதைப் படித்த பிறகுதான் எனக்கு நெஞ்சு ஆறவில்லை. நீ அதை அழித்திருந்தால், எவனோ திருடினான் என்று போயிருக்கும். அது என் பெயர் என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் உள்ளே வைத்து மூடி விற்றிருக்கிறாய். எனக்கு உண்மையாக இருக்க அல்ல, உனக்குத் தூக்கம் வர.

டிசம்பரில் வா. ஜங்ஷனில் டீ வாங்கித் தருகிறேன், குடித்துவிட்டுப் போ. புதிதாக என்ன வரைகிறாய் என்று மட்டும் கேட்காதே.

நேற்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பானெட்டைக் கழற்றி, அந்தக் கட்டையை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் கறுப்பு வைத்து மூடினேன். எடுத்ததை இந்தக் கவரில் போட்டிருக்கிறேன், நீயே வைத்துக்கொள். சார்ஜாவில் விற்ற பெட்டி அத்தனையிலும் என் பெயர் இருக்கிறது. நான் கட்டின வண்டியில் மட்டும் இப்போது இல்லை.

லிங்கம்